குமாரவேல் போட்ட சிலுவைகள்

என் வீட்டுக்காரர் குமாரவேல் கெட்ட மனுஷர் இல்லை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், கடன்காரன் யாரும் வாசலுக்கு வந்ததில்லை. அவருக்கு ஒரே ஒரு வியாதி. அடுத்தவன் நன்றாக இருந்தால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்துப் பேக்கரிக்காரன் வாசலில் புதிய விளக்கு மாட்டினால் போதும், இவருக்கு அன்றைக்குத் தலைவலி. எனக்கும் அதே வியாதி உண்டு. ஆனால் நான் முதலில் சாப்பிட்டுவிடுவேன், பொறாமையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெரணியகலை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் கடை. போட்டோ கொப்பி, லெமினேட்டிங், போனுக்கு ரீலோட், டைப்பிங், கார்டு அடிப்பது என்று எல்லாம் செய்வோம். கொழும்பில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பழகியவர் இவர். கல்யாணம் முடித்த கையோடு இங்கே வந்து கடை போட்டார். சுற்றிலும் உள்ள தேயிலைத் தோட்டம், ரப்பர் தோட்டம் எல்லாவற்றுக்கும் கல்யாணக் கார்டு, சடங்குக் கார்டு, மரண அறிவித்தல் எல்லாம் இவர் கையால்தான் போனது. பையன் பிறந்ததும் கடைக்கு 'கஜீபன் கொமினிகேஷன்' என்று பெயர் வைத்தார். பேப்பர் மடித்துக் கொடுத்து விரலெல்லாம் வெட்டுப்பட்டவள் நான். 'பரிமளம்' என்று ஒரு மூலையிலாவது போட்டிருக்கலாம். சொந்தப் பிள்ளையின் பெயரைப் பார்த்தே வயிறு எரிந்த தாய் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, இரத்தினபுரியில் கம்பியூட்டர் படித்துவிட்டு வந்து, அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னான். இனிமேல் கார்டை யாரும் அடிக்க மாட்டார்கள், போனில் திறக்கிற வெப் பக்கமாகக் கேட்பார்கள், நாமே முதலில் தொடங்குவோம் என்றான். இவர் சிரித்தார்.

"காயிதம் இல்லாத கார்டாடா? மஞ்சள் எங்க தடவுறது, போன்லயா?"

அதுவும் கடையில் ஆட்கள் நிற்கும்போது கேட்டார். சில மாதங்களில் கஜீபன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். முதலில் வாராவாரம் பேசினான். பிறகு பண்டிகைக்குப் பேசினான். இப்போதெல்லாம் நான் அனுப்புகிற செய்திக்கு ஒரு பெருவிரல் படம் மட்டும் வரும். என்றைக்காவது அவன் திரும்பி வந்தால் உட்கார ஒரு மேசை வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடையை மூட நான் விடவில்லை. வத்தளையில் இருக்கிற என் அண்ணன், கடையைக் கொடுத்துவிட்டுத் தன் ஹாட்வெயார் கடைக்கு வரச்சொல்லி வருஷாவருஷம் கூப்பிடுவார். போகக்கூடாது என்பதில் மட்டும் நானும் இவரும் ஒரே கட்சி.

கஜீபன் சொன்னதை ஜொய்சி செய்தாள். அவள் மேல் டிவிஷனில் ரப்பர் பால் வெட்டுகிற பாக்கியநாதனின் இளைய மகள். கொழும்பில் வேலை பார்த்தவள். அதே தோட்டத்தில் கல்யாணம் முடித்து, லயத்து வரிசை வீட்டு முன்னறையில் ஒரு லெப்டொப்பை வைத்துக்கொண்டு பக்கம் செய்யத் தொடங்கினாள். லிங்கைத் தொட்டால் போனில் குத்துவிளக்கு வரும், பூ வரும், இதயம் வரும், மணமக்கள் பெயர் நடுவில் வரும். குவைத்தில் இருக்கிற அக்காவும் கொழும்பில் இருக்கிற சித்தப்பாவும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். எங்கள் கடையில் கார்டு மாதிரி ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கிற ஆட்கள் மெல்ல மெல்ல இல்லாமல் போனார்கள். இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் செய்கிற ஒவ்வொரு பக்கத்தையும் இவர் பார்ப்பார். காலையில் சாமி கும்பிடுவதற்கு முன்னால் பார்ப்பார். "இந்தப் புள்ள பூவ எங்க வச்சிருக்கா பாத்தியா" என்பார். "எப்புடித்தான் இத ஏத்துறாளோ" என்பார். சேலை மாற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாலும் இவர் கண் போனில்தான் இருக்கும். அவள் வயதுக்கு இவர் அப்பா மாதிரி, தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு மனுஷர் நாள் முழுக்க இன்னொருத்தியின் திறமையையே பேசிக்கொண்டிருந்தால் கட்டினவளுக்கு எப்படி இருக்கும்? அவருக்கு அவள் மேல் பொறாமை, எனக்கும் அவள் மேல்தான் பொறாமை. வீடே அவளை நினைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் இவரும் பக்கம் செய்ய இறங்கினார். மகனிடம் கேட்கக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை, யூடியூபைப் பார்த்துத் தானே பழகினார். முதல் வேலை ஒரு கல்யாணம். மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். கார்டில் அழகுக்காகப் பெயரின் இரண்டு பக்கமும் முக்கு வைத்த அடைப்புக் குறி போடுவது இவர் வழக்கம். பக்கத்திலும் அப்படியே போட்டார். நாள், நேரம், மண்டபம் எல்லாம் வந்தது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் மட்டும் காணவில்லை. இதயம் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் இருந்தது. பெண்ணின் அம்மா கடைக்கு வந்து வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு, அங்கேயே நின்று ஜொய்சிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணே, அந்தக் குறியக் கண்டா அது பேருன்னு நெனைக்காதுண்ணே," என்றாள் ஜொய்சி. "நமக்கு ஏதோ உத்தரவு போடுறாங்கன்னு நெனச்சி முழுங்கிரும். குறியவே காட்டணும்னா அதோட எலக்கத்தச் சொல்லணும். அன்ட் குறி, அப்புறம் ஹேஷ், எலக்கம், கடைசில செமிகோலன். இதயத்துக்கும் பூவுக்கும்கூட அப்புடி ஒரு எலக்கம் இருக்கு."

"தெரியும் தங்கச்சி, மறந்துட்டேன்," என்றார் இவர். தெரியாது. காது இரண்டும் சிவந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து இவருக்குப் பைத்தியம் முற்றியது. அடுத்த வீட்டு அடுப்படியை எட்டிப் பார்ப்பதுபோல ஜொய்சி செய்த பக்கங்களின் உள்ளே போய்ப் பார்க்கப் பழகினார். எந்தப் பக்கத்தையும் திறந்து அதன் உள்வேலை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாமாம், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லையாம். அதைக் கண்டுபிடித்த நாள் இவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். பத்தாயிரத்து நாற்பத்தேழு என்றால் பூ. ஒன்பதாயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பது என்றால் இதயம். பத்தாயிரத்துப் பதின்மூன்று என்றால் சிலுவை. என் பிறந்தநாள் இவருக்கு நினைவில் நின்றதே இல்லை, இந்த இலக்கங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

ஜொய்சி செய்ததிலேயே இவரை மிகவும் வாட்டியது தோட்டத்து அந்தோனியார் கோயிலுக்காக நவம்பர் மாதம் அவள் செய்த பக்கம். மேலே 'நாம் நினைவில் கொள்ளும் நம்மவர்' என்று தலைப்பு. கீழே வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு சின்னச் சிலுவை, மெல்லிய சாம்பல் நிறத்தில். கோயில் ஃபாதரே அதைப் புகழ்ந்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். "ஃபாதரே சொல்லிட்டாரு" என்று இவர் ஒரு வாரம் புலம்பினார். அந்தப் பக்கத்தின் உள்வேலையை முழுசாகக் கொப்பி பண்ணி வைத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழா. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் பாக்கியநாதன் கடைக்கு வந்தார். அவர்தான் அந்த வருஷத் திருவிழாக் கமிட்டித் தலைவர்.

"மொதலாளி, ஜொய்சிக்கு இது பெறுமாசம். டொக்டர் படுத்துக்கச் சொல்லிட்டாரு. திருவிழாப் பக்கத்த நீங்க செஞ்சி தரணும். நல்லா வந்தா, இனி ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் எல்லா வேலையும் ஒங்களுக்கே குடுக்கலாம்னு கமிட்டில பேசியிருக்கோம்."

இவர் முகம் பொங்கலுக்கு வெள்ளை அடித்த சுவர் மாதிரி ஆயிற்று. பாக்கியநாதன் படி இறங்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார், இவரிடம் கொடுக்கச் சொன்னதே ஜொய்சிதானாம். அதை நான் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வேலை கிடைத்தால் வத்தளைக்குப் போகவேண்டியதில்லை. பையனின் மேசை இருந்த இடத்திலேயே இருக்கும்.

நிஜமாகவே உழைத்தார். கோயில் படம், கொடியேற்றம், நவநாள், தேர் போகும் வழி, கடைசியில் உபயம் செய்தவர்களின் பெயர் வரிசை. முதல் பெயர் பாக்கியநாதன். அந்த வரிசைக்கு ஜொய்சியின் நவம்பர் பக்கத்து உள்வேலையை அப்படியே எடுத்து வைத்தார். சிலுவையைச் சாம்பலில் விடாமல் பொன்நிறமாக்கினார், கொஞ்சம் பெரிதாக்கினார்.

"அவ சின்னதா போட்டிருக்கா. நான் போட்டிருக்கிறதப் பாரு," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. நம் ஆட்கள் எதற்கும் மேலே பிள்ளையார் சுழி போடுவது மாதிரி அவர்களுக்குச் சிலுவை என்று நினைத்தேன். திருவிழாவுக்கு முதல் நாள் பின்னேரம் லிங்கை அனுப்பினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை திறந்து பத்தி கொளுத்துவதற்குள் போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண் அழுகிறாள். வைத்தால் அடுத்த போன், ஒரு ஆண் திட்டுகிறான். என்ன விஷயம் என்று ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. பேக்கரிக்காரன் போனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான், அவன் பெண்சாதி அந்தத் தோட்டத்துப் பெண்.

"மொகத குமார் ஐயே, மினிஸ்சு மரணவாத?"

ஆட்களைக் கொல்கிறாயா என்று சிங்களத்தில் கேட்டான். பிறகுதான் விளங்கியது. அந்தக் கோயிலில் பெயருக்கு முன்னால் சிலுவை போடுவது செத்தவர்களுக்கு மட்டும்தான். நவம்பர் மாதம் அவர்களுக்கு இறந்த ஆன்மாக்களின் மாதம். ஜொய்சி செய்தது அந்த வருஷம் போய்ச் சேர்ந்தவர்களின் பக்கம். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், அதனால் யாரும் அதைச் சொல்லவில்லை. இவர் தலைப்பை வாசிக்கவில்லை, அழகை மட்டும் வாசித்தார். உபயம் கொடுத்த அத்தனை பேரையும் பொன்நிறத்தில் கொன்றுவிட்டார்.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அப்போது ஜொய்சியே கூப்பிட்டாள். முதல் நாள்தான் அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, ஆஸ்பத்திரியில் இருந்து பேசினாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, பயப்படாதீங்க. ஒவ்வொரு பேருக்கும் முன்னால அன்ட் குறில இருந்து செமிகோலன் வரைக்கும் அழிங்க. பேர்ல கை வைக்காதீங்க. அந்த எடத்துல பூவோட எலக்கத்தப் போடுங்க."

"பத்தாயிரத்து நாப்பத்தேழு," என்றார் இவர், அழுகிற குரலில்.

"ஆமாண்ணே."

அவள் சொல்லச் சொல்ல இவர் அழித்தார். ஒவ்வொரு சிலுவையும் போகப் போக ஒவ்வொரு ஆளாக எழும்பி வந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் ஜொய்சி போனை வைக்கவில்லை.

"அண்ணே, அப்பா பேரப் பாத்துட்டு எங்க அனோஜா அக்கா குவைத்துல இருந்து அப்பாவக் கூப்பிட்டிருக்கா. வெளிநாடு போறதுக்கு அப்பா விடலன்னு சண்ட போட்டுட்டுப் போனவ. என்கூட பேசுவா, அப்பாகூட ஒரு வார்த்த பேச மாட்டா. நான் எவ்வளவு கெஞ்சியிருப்பேன். அப்பா பொறந்தநாளுக்கு அப்பா படமெல்லாம் வச்சி பக்கம் செஞ்சி அனுப்புனேன். அதுக்கெல்லாம் கூப்புடல. ஒங்க பக்கத்தப் பாத்துட்டுக் கூப்புட்டா." குழந்தையை அமர்த்திவிட்டுச் சொன்னாள். "எனக்குக் கொள்ள பொறாமையா இருக்குண்ணே."

இந்த ஒரு வார்த்தைக்காக இவர் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தார். வந்த அன்று அதை அனுபவிக்க இவருக்குத் தெம்பில்லை. போனை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பூசை முடிந்து பாக்கியநாதன் திருவிழாச் சட்டையோடு கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது.

"பாக்கியண்ணே, மன்னிச்சிருங்க," என்று இவர் எழுந்து நின்றார்.

"செத்தவன்கிட்ட என்னா மன்னிப்பு மொதலாளி. ஒரு பிளேன்டி குடுங்க." தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்து பேசினார். கோயில் முற்றத்தில் நிற்கும்போது போன் வந்ததாம். எடுத்ததும் அப்பா என்ற அலறல்தான் கேட்டதாம். நான் இருக்கேம்மா என்று சொல்லிச் சொல்லி, அவளை நம்ப வைக்கவே ரொம்ப நேரம் ஆனதாம். "கமிட்டில சில பேரு ஒங்களுக்கு இனி வேல குடுக்க வேணாம்னாங்க. நான் சொல்லிட்டேன், கொன்னவரே செய்யட்டும், செத்தவன் எனக்கே கோவம் இல்ல, ஒங்களுக்கு என்னான்னு."

வேலை எங்களுக்கே நின்றது. கடையும் நின்றது. இவர் அன்றைக்கு ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டார். எனக்குத்தான் முதல் தடவையாகச் சோறு இறங்கவில்லை.

இப்போது என் பொறாமை ஜொய்சி மேல் இல்லை, பாக்கியநாதன் மேல். லயத்தில் இருக்கிற மனுஷர், பால் வாளி தூக்குகிறவர். அவருக்கு ஒரு சிலுவை போட்டதும் கடல் கடந்து பிள்ளை அலறுகிறாள். எனக்கு என்ன போட்டால் என் பிள்ளை அலறுவான்? பொங்கலுக்கு நான் அனுப்பிய வாழ்த்துக்குப் பெருவிரல். காய்ச்சல் என்று அனுப்பியதற்கும் பெருவிரல். திருவிழாப் பக்கத்தின் லிங்கை அவனுக்கும் அனுப்பியிருந்தேன், அதற்கும் அதேதான். கல்லாவில் உட்கார்ந்து அந்தப் பெருவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டு ஆண்களை எனக்குத் தெரியும். நல்லா இருக்கிறதைப் பார்த்தால் ஒருவருக்கும் பேச்சு வராது. பிழையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

திருவிழா முடிந்து அந்தப் பக்கத்தை யாரும் பார்க்காமல் விட்ட பிறகு, ஒரு மத்தியானம் இவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். கம்பியூட்டர் திறந்தபடி இருந்தது. பெயர் வரிசைக்குப் போனேன். முதல் பூவில் இருந்த ஹேஷை மட்டும் அழித்தேன். சேவ் பண்ணும் இடத்தை அழுத்தினேன். பூ போய்விட்டது. அதன் இடத்தில் அன்ட் குறியும் இலக்கமும் அம்மணமாக நின்றன. அழகாக இருந்த பக்கத்தில் அது கண்ணில் குத்தியது. என் போனை எடுத்து, அப்பா செய்த பக்கத்தை நன்றாகப் பார்த்துச் சொல் என்று எழுதி லிங்கை மறுபடி அனுப்பினேன்.

இவர் திரும்பி வந்து பல்லுக் குத்திக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. பெருவிரல் இல்லை. கஜீபனின் முகம். எடுத்தேன்.

"அம்மா, அப்பா இருக்காரா? குடுங்க."

கொடுத்தேன்.

"அப்பா, மொத வரில ஹேஷ் இல்ல, பூ ஒடஞ்சி கெடக்கு பாருங்க," என்று தொடங்கினான். இவர் கம்பியூட்டருக்கு ஓடினார். அவன் சொன்னான், இவர் திருத்தினார். பிறகு வேறு என்னவோ சொன்னான், இவர் சிரித்தார். சிலுவைக் கதையை இவர் சொல்ல, அந்தப் பக்கம் அவன் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. போட்டோ கொப்பிக்கு வந்த ஆளுக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இவருக்காகப் போட்ட தேத்தண்ணி ஆறிப் போனது. கடைசியில் இவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீ அன்னைக்கிச் சொன்னது சரிதான்டா. நான்தான் வெளங்காம பேசிட்டேன். ஒன் மேச இங்கதான் இருக்கு. வார நேரம் வா."

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். கஜீபன் வைத்துவிட்டிருந்தான்.

"என்னைக் கேட்டானா?"

"கேட்டான், கேட்டான். அவசரமா வேலைக்குப் போகணும்னான்," என்றார். இவருக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். பிறகு கம்பியூட்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இந்த ஹேஷ் எப்புடிப் போச்சுன்னுதான் வெளங்கல. சரியாத்தானே போட்டேன்."

நான் கிளாஸைக் கழுவ உள்ளே போனேன். வருகிற மாதம் கோயில் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பக்கம் இருக்கிறது, அதில் இதயம், பூ, புறா எல்லாம் வைக்கப்போகிறாராம். அதில் எதை உடைப்பது என்று இப்போதே பார்த்து வைத்திருக்கிறேன். லிங்கை என் போனில் இருந்துதான் அனுப்புவேன். அவன் என் போனுக்குக் கூப்பிட்டால், அப்பாவிடம் போவதற்கு முன்னால் 'அம்மா' என்று ஒரு சொல்லாவது எனக்கு வரும்.